இன்றியமையாத ஒன்பது

ஜூலை 9, செவ்வாய்

நர்ஸ் முத்தரசி சிஸ்டர் இன்று புண்ணின் கட்டைப் பிரித்ததும் காகித அளவுகோலை வைத்து அளந்தார். நீளம் ஐந்து சென்டிமீட்டர், அகலம் நான்கு. பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டுப் பார்த்து, ஆழம் ஒன்றரை என்றார். வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவார். செவ்வாய்க்கிழமைதோறும் அளவை எழுதி வைக்கச் சொன்னார். அதற்காகத்தான் இந்த நோட்டு. முப்பத்தோரு வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்தியவனுக்கு அளந்து எழுதுவது சிரமமில்லை.

என் மனைவி ஜெசிந்தா ஜூன் 8ஆம் தேதி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிவு. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. மூன்று வாரம் மல்லாந்தே கிடந்ததில் முதுகின் அடியில் படுக்கைப் புண் வந்துவிட்டது. இப்போது இடுப்பைவிட அதுதான் பிரச்சினை.

“அழுகல சார், அது வரைக்கும் நல்லது. ஆனா சதை வளரவே இல்ல. மேல கட்டுறதை நான் கட்டிருவேன், உள்ள இருந்து வளரணும்லா” என்றார் சிஸ்டர்.

ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது. அல்புமின் 2.6. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் புண் மூடும் வழிக்கு வராவிட்டால், தொடையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை நடைப் பயிற்சியும் தள்ளித்தான் போகும்.

ஜெசியிடம் தையல் பற்றிச் சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

மருத்துவமனையில் உணவு ஆலோசகரைப் பார்க்க நான் மட்டும் போனேன். பர்வீன் என்று பெயர். என் மாணவிகளின் வயதுதான் இருக்கும், ஆனால் என் மாணவி இல்லை.

முட்டை கொடுக்கலாமா என்று கேட்டார். முட்டை சாப்பிட்டால் ஜெசிக்கு உடம்பு முழுக்கத் தடித்துவிடுகிறது, வார்டில் கொடுத்துப் பார்த்து ஊசி போட வேண்டியதாயிற்று என்றேன். பால் வயிற்றுக்குச் சேரவில்லை. கோழிக்கறி மெல்ல முடியாது, பல் செட்.

“அப்போ மீன்தான் சார்” என்றார்.

பருப்பும் சோறும் சேர்ந்தால் இன்றியமையாத அமினோ அமிலம் ஒன்பதும் கிடைக்குமே என்று கேட்டேன். சும்மா கேட்கவில்லை, பாடமே அதுதான். லைசின், லியூசின், வேலின் என்று கரும்பலகையில் நான் எழுதாத வருடம் இல்லை. இவற்றை உடல் தானே செய்துகொள்ளாது, சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு, எனவே இன்றியமையாதவை. இரண்டு மதிப்பெண் கேள்வி.

“கிடைக்கும் சார். அரிசியில குறையுற லைசினைப் பருப்பு குடுக்கும், பருப்புல குறையுற மெத்தியோனினை அரிசி குடுக்கும். நல்லா சாப்பிடுறவங்களுக்கு அது போதும். அம்மா வேளைக்கு எத்தனை கரண்டி சாப்பிடுறாங்க?”

“ரெண்டு. சில நேரம் மூணு.”

“மூணு கரண்டியில தினம் அறுபது கிராம் புரதத்துக்கு எங்க போறது? கொஞ்சமா சாப்பிடுறவங்களுக்கு அந்தக் கொஞ்சத்துக்குள்ள எல்லாம் இருக்கணும். நூறு கிராம் மீன்ல பதினெட்டு, இருபது கிராம் புரதம். ஒன்பது அமிலமும் இருக்கு. புண்ணு மூடத் தேவையான லைசின் நிறைய. தொடையில சதை பிடிக்க லியூசின். நாக்கால நசுக்குனாலே போதும், சீக்கிரம் செரிச்சிரும்.”

எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்றேன்.

“அம்மாவுக்குமா?”

“அவ மணப்பாட்டுக்காரி. கடற்கரைதான். கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுட்டா.”

பர்வீன் பேனாவை எடுத்தார். தாளில் எழுதினார்: மீன், தினமும் 150 கிராம், இரண்டு வேளையாக. கருவாடு வேண்டாம். எண்ணெயில் பொரிக்க வேண்டாம்.

ஜூலை 12, வெள்ளி

வெள்ளிக்கிழமை. மீன் பேச்சை எடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றைப் பதிவு செய்கிறேன். ஜெசியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 1989இல் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, எங்கள் சைவ வீட்டில் அடுப்படிக்கு மட்டும் ஒரு ஒழுங்கு உண்டு என்று சொன்னேன். சரி என்றாள். அவள் கோயிலுக்கு அவள் போனாள், நான் தடுத்ததில்லை. தபால் நிலைய வேலைக்கும் ஓய்வு பெறும்வரை போனாள். மீனை மட்டும் விட்டாள். உறவினர்களிடம் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், எங்கள் வீட்டாட்களைவிட அவள் சுத்த சைவம் என்று.

அவள் அம்மா ஒரே ஒரு முறை இங்கே வந்தார். மகள் கயல் பிறந்து இருபது நாள் இருக்கும். அதிக நேரம் இருக்கவில்லை.

ஜூலை 13, சனி

மார்க்கெட்டுக்குப் பதினொரு மணிக்குப் போனேன். எது என்ன மீன் என்று தெரியாததால் முள் குறைவாக இருக்கும் ஒன்றைக் கேட்டேன். விளைமீன் என்று கொடுத்தார்கள். வெட்டி வாங்கி, மூன்று பாலிதீன் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

சமையலறையில் செய்ய மனம் வரவில்லை. பின்கட்டில் மேசையைப் போட்டு மின் அடுப்பை வைத்தேன். சிஸ்டர் வைத்துவிட்டுப் போன கையுறையில் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டேன். மூக்கில் துண்டு. நூற்றைம்பது கிராம் எடை போட்டு, மஞ்சளும் உப்பும் தடவி, ஆவியில் பன்னிரண்டு நிமிடம். சோதனைக்கூட வேலை என்று நினைத்துக்கொண்டால் செய்துவிட முடிகிறது.

கிண்ணத்தோடு உள்ளே போனபோது அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு மீன்.

“என்ன வாடை இது?” என்றாள்.

சொன்னேன். வாயைத் திறந்து ஒரு துண்டை வாங்கிக்கொண்டாள். விழுங்குவதற்குள் குமட்டி, சாப்பிட்டிருந்த கஞ்சியும் சேர்ந்து வந்துவிட்டது. தலையணை உறை, போர்வை, என் சட்டை எல்லாம் துவைக்க வேண்டியதாயிற்று.

“எனக்கு இது சேராது. நீங்க எடுத்துட்டுப் போங்க” என்றாள்.

ஜூலை 14, ஞாயிறு

கஞ்சி இரண்டு கரண்டி. பருப்பு ஒன்று.

சேராதாம். மணப்பாட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு.

ஜூலை 16, செவ்வாய்

புண் ஐந்துக்கு நான்கு. அதே அளவு.

காலை ஆறரைக்கு மார்க்கெட்டுக்குப் போனேன். கடைசி வரிசையில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த அம்மாளிடம், சனிக்கிழமை வாங்கிய மீன் நாறியது, நோயாளிக்கு வாந்தி வந்துவிட்டது என்று சொன்னேன். அவரிடம் வாங்கவில்லை, இருந்தாலும் சொன்னேன்.

“எத்தனை மணிக்கு வந்திய அண்ணாச்சி?”

“பதினோரு மணி.”

“பதினோரு மணிக்கு வந்தா ஐஸ்ல கெடந்ததைத் தலையில கட்டத்தான் செய்வாவ. இங்க பாருங்க.” ஒரு மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். செம்பருத்திபோல் சிவப்பு. “செவுள் இப்படி இருக்கணும். கண்ணு உள்ள போயிருக்கக் கூடாது. விரலை வச்சு அமுக்குனா குழி விழக் கூடாது. அமுக்கிப் பாருங்க. பாருங்கங்கேன், கடிக்காது.”

அமுக்கினேன். குழி விழவில்லை.

மரியபுஷ்பம் என்று பெயர். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். ஊளி மீனில் நடுத்துண்டு கொடுத்தார். “புளித்தண்ணியில அலசிட்டு அவிங்க. வாடை போயிரும்.”

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. மீன் பழசாக ஆக அதில் ட்ரைமெத்தில் அமீன் உண்டாகிறது, நாற்றம் அதனால்தான். அமீன் ஒரு காரம், புளியில் அமிலம். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பு. உப்புக்கு மணமில்லை. எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்.

ஜூலை 17, புதன்

புளித்தண்ணீர் அலசல். எலுமிச்சை இரண்டு சொட்டு. இஞ்சி. முள் எடுத்து, சாதத்தோடு நன்றாக மசித்தேன்.

மூன்று கரண்டி சாப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, மருந்துபோல. வாந்தி இல்லை.

லைசின் எப்படிப் புண்ணை ஆற்றும் என்று விளக்கினேன். தோலுக்கு அடியில் கொல்லாஜன் என்ற இழை இருக்கிறது, அந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதில் லைசினுக்குப் பங்கு உண்டு என்றேன்.

“பேரெல்லாம் இருக்கட்டும். முள்ளு இருக்கான்னு ஒழுங்காப் பாருங்க” என்றாள்.

ஜூலை 23, செவ்வாய்

புண்: 4.8க்கு 4. ஆழம் அதே ஒன்றரை. அளவுகோல் வைக்கும் கையில் இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சகஜம். மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை.

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். ஆள் வரவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

4.5க்கு 3.6. ஆழம் ஒன்று புள்ளி மூன்று. சிஸ்டர் டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். அடியில் வெளுத்துக் கிடந்த இடத்தில் சிவப்பாகச் சிறு சிறு மணிகள்போலப் புதுச் சதை.

“இதான் சார் வேணும். என்ன குடுக்கிய?”

மீன் என்றேன். சிஸ்டர் சிரித்தார். “நீங்களா?”

ஜெசி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளும் சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

பனிமய மாதா திருவிழா. உள்ளூர் விடுமுறை. வெடிச்சத்தமும் ஒலிபெருக்கியும் நம் தெருவரை கேட்டன. கயல் பிறந்த வருடத்தை விட்டால், திருமணமான பிறகு ஜெசி திருவிழாவுக்குப் போகாத வருடம் இதுதான். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஜன்னலோரம் கொண்டுவந்தேன். புண் அழுந்தாமல் இருக்க இருபது நிமிடம்தான் அனுமதி.

“எங்கம்மா ஊர்ல இருந்து கால்நடையா வருவா, இந்தத் திருவிழாவுக்கு” என்றாள்.

நான் உள்ளே வந்துவிட்டேன். அவள் அம்மா வந்த அந்த ஒரு நாளைப் பற்றி ஜூலையில் ஏதோ எழுதியிருக்கிறேன். முழுதாக எழுதவில்லை. ஒரு சட்டியில் ஏதோ சமைத்துக் கொண்டுவந்திருந்தார். மீன்தான். என் அம்மா கண்டிப்பானவள், அது உள்ளே வர முடியாது. திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் காலத்து ஆட்கள். ஜெசி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 10, சனி

நேற்று ஆறு கரண்டி. இன்று ஆறு. துண்டை மசிக்க வேண்டாம், அப்படியே வைக்கலாம் என்றாள்.

மரியபுஷ்பம் இன்று மிளகும் பூண்டும் அரைத்துக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தார். பின்கட்டில் மழை அடித்ததால் அடுப்பைச் சமையலறைக்குள் கொண்டுவந்துவிட்டேன். பூஜை அலமாரியைச் சாத்தி வைத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

3.4க்கு 2.8. ஆழம் முக்கால்.

பெங்களூரிலிருந்து கயல்விழி போன் செய்தாள். அவளிடம் இதுவரை சொல்லாமல் இருந்தேன். அம்மா சொல்லிவிட்டாளாம்.

“அப்பா, நீங்க மீன் கழுவுறீங்களா? உண்மையாவா? வீடியோ எடுத்து அனுப்புங்க, ப்ளீஸ்.”

“வேலையைப் பாரு.”

“அம்மாவுக்குக் குடுக்கிறது நல்லதுதான். நான் சின்னப் பிள்ளையில ஒல்லியா இருந்ததுக்கு மாவுப்பால்தான் காரணம்னு அம்மா சொல்லுவா. தாய்ப்பாலே இல்லையாமே?”

சிலருக்கு ஊறாது, அது உடல்வாகு என்றேன்.

கயல் என்று பெயர் வைத்தது ஜெசிதான். இலக்கியத்தில் வருகிற பெயர், கண்ணுக்கு உவமை என்று நானும் மகிழ்ந்து சம்மதித்தேன். கயல் என்றால் மீன். இந்த நோட்டில் எழுதும்போதுதான் இதை யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 24, சனி

மரியபுஷ்பத்திடம் இன்று சின்னதாக, சாம்பல் நிறத்தில் ஒரு சுறா இருந்தது. என்ன என்று கேட்டேன்.

“பால்சுறா அண்ணாச்சி. உங்களுக்கு வேண்டாம், இது பிள்ள பெத்தவளுக்கு. புட்டு மாதிரி உதுத்துப் பூண்டு நிறையப் போட்டுக் குடுத்தா பால் ஊறும். தாய்வீட்டுல இருந்து செஞ்சு கொண்டு போவாவ. எம் மவளுக்கு நானும் ஏழு கிலோமீட்டர் கொண்டு போனேன், சட்டியோட.”

பாறை மீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மீதிச் சில்லறையை வாங்க மறந்துவிட்டேன், கூப்பிட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆகஸ்ட் 5ஆம் தேதி எழுதியது சரியில்லை. திருத்தி எழுதுகிறேன்.

1991, ஆவணி மாதம். அன்றைக்கு என் அம்மா வீட்டில் இல்லை. ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போயிருந்தாள். வாசலில் நின்றது நான்தான்.

காலை பத்து மணி இருக்கும். ஜெசியின் அம்மா கப்ரியேலம்மாள் கேட்டுக்கு வெளியே நின்றார். திருமணத்துக்கு அவர்கள் யாரும் வரவில்லை. அதன்பின் அவரை அன்றுதான் பார்க்கிறேன். இடுப்பில் மண்சட்டி, வாயை வாழையிலையால் கட்டியிருந்தது. மணப்பாட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

“சுறாப்புட்டு தம்பி. பிள்ளைக்குப் பால் ஊறும். அவ கையில குடுத்துருங்க, நான் உள்ள வரல” என்றார்.

இந்த வீட்டில் இது ஆகாது என்றேன். இதே சொற்கள். குரலை உயர்த்தவில்லை.

“சரி. பிள்ளைய மட்டும் ஒரு கண்ணு பாத்துட்டுப் போயிருதேன்.”

தூங்குகிறது என்றேன்.

சற்று நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். அதற்குப் பின் அவர் வரவில்லை. தொண்ணூற்று நான்கில் இறந்தார். ஜெசி மட்டும் போய்விட்டு வந்தாள்.

யார் கேட்டாலும் அந்தக் காலத்தில் அம்மா கண்டிப்பு என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். அம்மாவிடம் இந்த விஷயத்தை நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பாள். அவளும் பிள்ளை பெற்றவள்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

2.9க்கு 2.2.

மதியம் சாப்பாடு கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். தட்டில் முள் எடுத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல்.

“ஜெசி, உங்க அம்மா அன்னைக்கு வந்தாங்களே...”

“என்னைக்கு? ஒரு நாள்தான வந்தா.”

“அன்னைக்கு எங்க அம்மா ஊர்ல இல்ல. நான்தான்...”

“தெரியும்.”

“நீ தூங்கிட்டு இருந்தேல்லா.”

“பால் பத்தாம பிள்ள கத்திக்கிட்டுக் கெடக்கு. அதை மடியில போட்டுக்கிட்டு எவளாவது தூங்குவாளா?” அவள் குரலில் கோபம் இல்லை. “ஜன்னல் வழியாப் பாத்தேன். சட்டியை இந்த இடுப்புல இருந்து அந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டே போனா. சூடு ஆறியிருக்காது.”

முப்பத்து மூன்று வருடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

“கேட்டா, ‘எங்கம்மாதான் வேண்டாம்னாங்க’ன்னு சொல்லியிருப்பிய. அதையும் நான் நம்புற மாதிரி நடிக்கணும். எதுக்கு?”

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவளே கையை நீட்டித் தட்டை வாங்கி, மீதியைச் சாப்பிட்டு முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. கயல் அழுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறது என்றேன். அந்த அம்மாளும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

ஆகஸ்ட் 28, புதன்

மீன் 160 கிராம். மீதி வைக்காமல் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

2.3க்கு 1.8. டாக்டர் வந்து பார்த்தார். தையல் தேவைப்படாது என்றார். அப்போதுதான் ஜெசிக்குத் தையல் என்ற ஒரு பேச்சே இருந்தது தெரியும்.

“இதையும் மறைச்சு வச்சிருந்தியளாக்கும்” என்றாள்.

இனி எதையும் மறைக்க மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். டாக்டர் நின்றுகொண்டிருந்ததால் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

அல்புமின் 3.5.

புண் ஒன்றுக்கு முக்கால். வாக்கர் பிடித்துக் கட்டிலிலிருந்து கதவுவரை நடந்தாள். பதினோரு அடி. தொடை நடுங்கியது, ஆனால் நின்றாள். பர்வீனுக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன். அவருக்கு என்னைவிட மகிழ்ச்சி.

செப்டம்பர் 28, சனி

மூடிவிட்டது. ரோஜா நிறத்தில் புதுத்தோல், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு. செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றார் சிஸ்டர். நீளம் இல்லை, அகலம் இல்லை, ஆழம் இல்லை. கிளம்பும்போது ஜெசியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 30, திங்கள்

காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது கூப்பிட்டாள். சமையலறை வாசலில் வாக்கரோடு நின்றாள்.

“இன்னைக்கு மீன் வேண்டாம்.”

“ஏன்? பர்வீன் இன்னும் ரெண்டு மாசம் குடுக்கச் சொல்லியிருக்காங்க. தொடைக்கு லியூசின்...”

“முன்னால வேண்டாம்னிய. விட்டேன். இப்ப வேணும்னிய. வாந்தி எடுத்துக்கிட்டே தின்னேன். ரெண்டும் நீங்க சொன்னதுதான்.” மூச்சு வாங்கியது, சற்று நிறுத்தினாள். “தின்ன மாட்டேன்னு சொல்லல. உனக்கு என்ன வேணும்னு ஒரு நாள் கேட்டியளா?”

கேட்டதில்லை. இந்த நோட்டை முன்னால் இருந்து புரட்டிப் பார்த்தேன். நாள்தோறும் கிராம் இருக்கிறது, கரண்டி இருக்கிறது. ஒரு நாள்கூட அவளிடம் கேட்டதாக இல்லை.

பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். “உனக்கு என்ன வேணும்?”

நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“இன்னைக்கு ரசம் போதும். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு நானே மார்க்கெட்டுக்கு வாரேன். பாத்துத்தான் சொல்ல முடியும்.”

அக்டோபர் 1, செவ்வாய்

அளக்க ஒன்றுமில்லை.

கயலுக்கு நானே போன் செய்து 1991 நடந்ததைச் சொன்னேன். என் அம்மா மேல் போட்ட பழி பொய் என்பதையும், தாய்ப்பால் ஊறாதது உடல்வாகு என்று ஆகஸ்டில் சொன்னது மழுப்பல் என்பதையும்.

“அந்த ஆச்சி என்னைப் பாக்கவே இல்லையாப்பா?”

“இல்லை.”

“அம்மாகிட்ட போனைக் குடுங்க.”

கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டேன். அவர்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று ஜெசி சொல்லவில்லை. கயல் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேசுவாள் என்று நினைக்கிறேன். பேசாவிட்டாலும் நான் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆட்டோவில் கோயில், அங்கிருந்து மார்க்கெட். ஈரத்தரையில் வாக்கர் வழுக்கும் என்று எனக்குப் பயம். அவள் முன்னால் போகட்டும் என்று இரண்டடி பின்னால் நடந்தேன்.

ஜெசி அவசரப்படவில்லை. ஒவ்வொரு சாக்கின் முன்னும் நின்றாள். சிலவற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். ஒருத்தியிடம் கூறுக்கு என்ன விலை என்று கேட்டு, அவள் சொன்னதும் ஒரே வார்த்தையில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்த வார்த்தை எனக்குப் புரியவில்லை. அவள் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

மரியபுஷ்பம் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “இவுகதானா? வாங்க அக்கா, வாங்க. அண்ணாச்சி இங்க வந்து செவுளைத் தூக்கித் தூக்கிப் பாத்து எல்லாரையும் சோதிச்சிட்டாவ.”

ஜெசி குனிந்து சாளையில் கை வைத்தாள். நான் ஒருநாளும் வாங்காத மீன், முள் அதிகம். நாலைந்தைப் புரட்டிப் பார்த்துத் தனியாக ஒதுக்கினாள். அந்தக் கையைப் பார்த்துவிட்டு மரியபுஷ்பம் கேட்டார்.

“நீங்க எந்த ஊரு அக்கா?”

தபால் நிலையத்திலும், தெருவிலும், ஆஸ்பத்திரியிலும் யார் கேட்டாலும் தூத்துக்குடிதான் என்பாள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

“மணப்பாடு” என்றாள்.

“மணப்பாட்டுல யாரு வீடு?”

“கப்ரியேலம்மா மவ.”

மரியபுஷ்பத்துக்கு அவரைத் தெரியாது. தெரிந்திருக்கவும் நியாயமில்லை. ஆனாலும் “அப்படியா” என்று தலையை ஆட்டிவிட்டு, எடை போட்டதற்கு மேல் ஒரு கை அள்ளிப் போட்டார். பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். இருக்கட்டும் என்று வாக்கரிலேயே மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவளே ஆய்ந்தாள், அவளே வைத்தாள். எதையாவது எடுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். தேங்காய் துருவச் சொன்னாள். துருவினேன்.

இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தாள். எனக்கு ரசம் வைத்திருந்தாள். ஒரே மேசையில் எதிரெதிராகச் சாப்பிட்டோம். அவள் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டாள். எத்தனை கரண்டி என்று நான் எண்ணவில்லை.